ஹனோவர் தெருவுக்குச் சாப்பிட வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்



பாஸ்டனுக்குப் படிக்க வந்தவர்கள், வேலைக்கு வந்து வேர்விட்டவர்கள், கோடை பிறந்ததும் பிள்ளைகள் வீட்டில் தங்க வரும் பெற்றோர்கள் எல்லாருக்கும் பொதுவாக எழுதப்படுகிறது இம்மடல். விருந்தினர் வந்தால் ஊர் சுற்றிக்காட்டும் வரிசை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: ஹார்வர்ட் வளாகம், சார்ல்ஸ் ஆற்றங்கரை, துறைமுகம், கடைசியில் நார்த் எண்ட். பால் ரிவீரின் பதினேழாம் நூற்றாண்டு மரவீட்டைப் பார்த்துவிட்டு ஹனோவர் தெருவுக்குள் திரும்பும் நேரத்தில் பசி வயிற்றைக் கிள்ளத் தொடங்கிவிடும்.

தெருவின் இரண்டு பக்கமும் இத்தாலியச் சாப்பாட்டுக் கடைகள். அவற்றுள் ஒரு சின்னக் கடையின் வாசலில் ஆட்கள் சுவரோரமாக நின்றுகொண்டிருப்பார்கள். கதவு எண் 323, பெயர் டெய்லி கேட்ச். 1973இல் பால் ஃப்ரெட்டுராவும் அவர் மனைவி மரியாவும் தொடங்கிய கடை. சிசிலி வழிக் கடலுணவு. உள்ளே சுமார் 20 பேர் உட்காரலாம். சமையலறை என்று தனியாக ஒன்று இல்லை. அடுப்பும் மேசையும் ஒரே அறையில். இன்னும் சில வாசல் தள்ளி, 355ஆம் எண்ணில் ஜாக்கோமோஸ். அங்கேயும் இதே கூட்டம், இதே நெருக்கம், கடலுணவுக்கு இதே பெயர்.

இந்தக் கடைகளுக்குப் போய்வந்த நம்மவர்களில் ஒரு சாரார் சொக்கிப்போகிறார்கள். இன்னொரு சாரார் மனத்தாங்கலோடு திரும்புகிறார்கள். முன்பதிவு கிடையாது என்றார்கள். தட்டுகூட வைக்காமல் வாணலியை அப்படியே மேசையில் வைத்தார்கள். காபி கேட்டால் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் பில் வந்துவிட்டது. எட்டுப் பேராகப் போனதற்கு முகம் சுளித்தார்கள். இந்தக் குறைகள் உண்மைதான். ஆனால் இவற்றை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்வதில்தான் பிசகு இருக்கிறது. அந்த அறையின் அளவிலிருந்துதான் அங்கே எல்லாம் பிறக்கிறது, சாப்பாட்டின் ருசி உட்பட. அது தெரிந்து போகிறவர்களுக்கு அந்த நெருக்கடியிலேயே நல்ல விருந்து கிடைக்கும் என்பதைச் சொல்லத்தான் இத்தனை நீளமான கடிதம்.

முதலில் இருக்கைக் கணக்கு. 20 இருக்கை உள்ள கடையில் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், மாலை ஐந்திலிருந்து பத்துக்குள் 100 பேர் சாப்பிடலாம். அதே ஆள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் 67 பேரைத் தாண்டாது. வாடகை, மீன் விலை, எரிவாயு, சம்பளம் எதுவும் அந்த அரை மணிக்காகக் குறைந்துவிடப் போவதில்லை. 150 பேர் உட்காரும் உணவகத்தில் நான்கு பேர் பேச்சு சுவாரஸ்யத்தில் தாமதித்தால் யாருக்கும் தெரியாது. இங்கே நான்கு பேர் என்பது கடையில் ஐந்தில் ஒரு பங்கு. கல்யாணப் பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாயசம் முடிந்ததும் இலையை மடித்துவிட்டு எழுவதை அங்கே யாரும் அவமானமாக நினைப்பதில்லை.

முன்பதிவு ஏற்காததற்கும் இதுவே காரணம். ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன நால்வர் ஏழேகாலுக்கு வந்தால், அந்தக் கால் மணி நேரம் கடையின் ஐந்தில் ஒரு பங்கு சும்மா கிடக்கும். வரிசையில் நிற்பவரை உட்காரவைத்தால் அந்த நட்டமில்லை.

வாணலி விஷயம் இதைவிடச் சுவையானது. டெய்லி கேட்ச் கடையில் பாஸ்தா வெந்த வாணலியோடு மேசைக்கு வருகிறது. தட்டு கழுவ இடமில்லாத கடைக்கு அது வசதி என்பது வெளிப்படை. சமையலுக்கும் அதுவே நல்லது. பாஸ்தா வெந்த தண்ணீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்து, ஆலிவ் எண்ணெயோடு சூட்டில் குலுங்கிக் கலக்கும்போது இரண்டும் பிரியாமல் ஒரு வழவழப்பான குழம்பாகத் திரள்கிறது. ஆறினால் எண்ணெய் பிரிந்து ஒதுங்கிவிடும். குளிர்ந்த பீங்கான் தட்டில் கொட்டுவதைவிடக் கனத்த வாணலியில் அது அதிக நேரம் தாங்கும். இதில் சாப்பிடுகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: வாணலி மேசைக்கு வந்த பிறகும் சமைத்துக்கொண்டிருக்கிறது. படம் எடுத்து, குடும்பக் குழுவுக்கு அனுப்பி, ஊரிலிருந்து பதில் வரும்வரை காத்திருந்தால் உள்ளே இருக்கும் கணவாய் விறைத்துவிடும். ஒரு படம் போதும். கைப்பிடி கொதிக்கும், குழந்தைகளைச் சற்று எட்டி உட்காரவையுங்கள்.

கணவாய் என்றதும் சற்று நின்றுதான் போக வேண்டும். இந்தக் கடையின் கதை அதுதான்.

பெயர்ப் பலகையில் டெய்லி கேட்ச் என்பதோடு கலமாரி கஃபே, அதாவது கணவாய்க் கடை, என்றும் எழுதியிருக்கிறார்கள். 1973இல் அப்படி எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். அன்றைய மாசசூசெட்ஸில் கணவாய் என்றால் தூண்டில் இரை. அங்கே மரியாதைக்குரிய மீன் காட் ஒன்றே. மாநிலச் சட்டமன்றத்தில் ஏறத்தாழ ஐந்தடி நீள மரக் காட் மீன் ஒன்று இன்றும் தலைக்கு மேலே தொங்குகிறது. அதற்குப் புனித காட் என்றே பெயர். அந்தச் சட்டமன்றத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், இத்தாலியக் குடியேறிகளின் அடுப்புகளில், அந்த இரை மீன் ரொட்டித்தூளும் பூண்டும் அடைத்துத் தக்காளிச் சாற்றில் வெந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு இறைச்சி விலக்கிப் பல வகை மீன் சமைப்பது இத்தாலிய அமெரிக்க வீடுகளின் வழக்கம். அந்த மேசையில் கணவாய்க்கு நிலையான இடம் உண்டு.

1974இல் எம்.ஐ.டி.யில் வெளியான ஆய்வறிக்கை ஒன்று, கணவாயை அமெரிக்கச் சந்தையில் விற்க முடியுமா என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டது. கேள்வி அந்தக் காலத்துக்கு நியாயமானது. நியூ இங்கிலாந்து கரைக்கு அப்பால் ஜப்பான், ஸ்பெயின், இத்தாலிக் கப்பல்கள் வந்து கணவாயை அள்ளிக்கொண்டு போயின. உள்ளூர்ப் படகுகள் காட், ஹாடக் என்று பழகிய மீன்களையே துரத்தின. 1976இல் வந்த மீன்வளச் சட்டம் கரையிலிருந்து 200 கடல்மைல் வரையிலான மீன்பிடிப்பை அமெரிக்காவின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் படிப்படியாக விலகின. 1980களில் வட்டமாக அரிந்து மாவில் புரட்டிப் பொரித்த கணவாய் நாடெங்கும் மதுக்கூடங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்ட் 2014இல் கலமாரியைத் தன் அதிகாரபூர்வ முன்னுணவாகவே சட்டம் போட்டு அறிவித்துக்கொண்டது.

காட் மீனின் கதை எதிர்த்திசையில் போனது. நூற்றாண்டுகளாக அள்ளியதில் கையிருப்பு கரைந்தது. மெய்ன் வளைகுடாவில் 2013இல் காட் பிடிக்கும் அளவை ஒரேயடியாக நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைத்தார்கள். இந்தக் கடலில் கிடைக்கும் நீள்துடுப்புக் கணவாய்க்கு ஆயுள் ஓராண்டுகூட இல்லை. பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு, மடிவதெல்லாம் சில மாதங்களுக்குள். அதனால் ஓராண்டு குறைந்தாலும் விரைவில் மீளும் வாய்ப்பு உண்டு. அமெரிக்க வடகிழக்குக் கரையின் இந்தக் கணவாய் மீன்பிடிப்பு, கடல்வளம் குன்றாமல் நடப்பதற்கான எம்.எஸ்.சி. சான்றிதழை 2018இல் பெற்றது. உலகிலேயே அந்தச் சான்றிதழ் பெற்ற முதல் கணவாய் மீன்பிடிப்பு அதுதான்.

பாஸ்டன் என்றதும் லாப்ஸ்டர் என்று பட்டியலைத் திறக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். டெய்லி கேட்சில் லாப்ஸ்டரும் உண்டு, விலையும் அதற்கேற்ப உண்டு. ஆனால் லாப்ஸ்டரை இந்த ஊரில் எந்தத் தெருவிலும் சாப்பிடலாம். கணவாயை இவ்வளவு அக்கறையோடு, இத்தனை விதமாகச் செய்து தரும் அடுப்பு அரிது. வறுவல் இருக்கிறது. அரைத்து உருண்டை பிடித்துச் சமைத்தது இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கறுப்புப் பாஸ்தா: மாவு பிசையும்போதே கணவாய் மையைச் சேர்த்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும், பொடியாகக் கொத்திய கணவாயும் போட்டுப் புரட்டியது. முதல்முறை பார்க்கிறவர்கள் அதன் நிறத்தைப் பார்த்துத் தயங்குவார்கள். மைக்கு அந்த நிறத்தைத் தருவது மெலனின், மனிதத் தலைமுடியில் இருக்கும் அதே நிறமிதான். இயல்பாகவே அதில் இருக்கும் குளூட்டமேட் கடல் வாசனையோடு ஓர் அடர்ந்த ருசியைத் தருகிறது. உதடும் பல்லும் கறுத்துப்போகும், துடைத்தால் போய்விடும்.

நம் கடற்கரைக்காரர்களுக்குக் கணவாய் அந்நியமா என்ன? ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய் என்று பிரித்து வாங்கத் தெரிந்தவர்கள். ஓட்டுக்கணவாயின் ஓடு கடல்நுரை என்ற பெயரில் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கிறது. தூத்துக்குடி போன்ற துறைமுகங்களிலிருந்து உறைய வைத்த கணவாய் கப்பலேறுகிறது. இந்தியக் கணவாயை நெடுங்காலமாக வாங்கிவரும் நாடுகளில் ஸ்பெயினும் இத்தாலியும் முக்கியமானவை. பக்குவமும் தெரிந்ததே. ஒன்று, பலத்த தீயில் இரண்டு நிமிடத்துக்குள் இறக்கிவிட வேண்டும். அல்லது முக்கால் மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் இறக்கினால் ரப்பர். ஹனோவர் தெருக் கடையில் அந்த இரண்டு நிமிடத்தைக் கண்முன்னே பார்க்கலாம். எண்ணெய் காய்ந்திருக்கும், மாவில் புரட்டிய வளையங்களும் கால்களும் விழும், நுரை பொங்கி அடங்குவதற்குள் வெளியே வந்துவிடும். கூடவே ஒரு எலுமிச்சைத் துண்டு, அவ்வளவுதான்.

இனிச் சீஸ். மீன் பாஸ்தாவின் மேல் சீஸ் தூவுவது இத்தாலியர் வழக்கமில்லை. நாள்பட்ட பர்மேசானின் உப்பும் வாடையும் மென்மையான மீன் ருசியை மூடிவிடும் என்பது அவர்கள் கணக்கு. பழங்காலத்தில் ஏழை வீடுகளில் சீஸுக்குப் பதிலாகப் பழைய ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் வறுத்துத் தூவினார்கள்; சிசிலியின் மத்தி மீன் பாஸ்தாவில் இன்றும் அந்தத் தூள்தான். சீஸ் வேண்டுமென்று கேட்பது குற்றமில்லை. முதல் இரண்டு வாயைச் சீஸ் இல்லாமல் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்பதே வேண்டுகோள்.

காரத்துக்கு ஏங்குகிறவர்கள் ஃப்ரா தியாவோலோ என்று பட்டியலில் தேடலாம். தக்காளியும் மிளகாயும் சேர்ந்த சிவப்புக் குழம்பில் கடல்மீன். தென்னித்தாலியிலிருந்து வந்தவர்கள் அமெரிக்காவில் வளர்த்தெடுத்த சமையல் அது. காரம் கூட்டிப் போடுங்கள் என்று சொன்னால் போடுவார்கள். பையிலிருந்து ஊறுகாய்ப் பாட்டிலை எடுப்பதற்கு முன்பு அதைச் செய்யலாம்.

பகிர்ந்து சாப்பிடும் நம் பழக்கம் இங்கே நன்றாகவே பொருந்தும். வாணலி அளவு தாராளம். இரண்டு பேருக்கு ஒரு கணவாய் வறுவலும் ஒரு கறுப்புப் பாஸ்தாவும் வயிற்றை நிறைத்துவிடும். சில சின்னக் கடைகளில் ஆளுக்குக் குறைந்தது இவ்வளவு என்று விதி வைத்திருப்பார்கள். உட்காரும்போதே கேட்டுக்கொண்டால் பின்னால் சங்கடமில்லை.

சைவ உணவுக்காரர்கள் விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். நம் குடும்பங்களில் ஒருவராவது இருப்பார்கள், பெரும்பாலும் அம்மாவோ மாமியாரோ. ஒரு அடுப்பு, சில வாணலிகள், ஒரே வறுக்கும் எண்ணெய் உள்ள மீன் கடையில் அவர்களுக்குத் தனியாக ஏதாவது செய்து கொடுங்கள் என்று கேட்பது இருவருக்குமே நியாயமில்லை. கறுப்புப் பாஸ்தாவிலிருந்து கணவாயை எடுத்துவிட்டுக் கொடுக்கச் சொல்லவும் முடியாது. மை மாவிலேயே இருக்கிறது. அதே பேட்டையில், தாச்சர் தெருவில் 1926இலிருந்து பீட்சா சுட்டுக்கொண்டிருக்கும் ரெஜினா இருக்கிறது. சைவர்களை முதலில் அங்கே நிம்மதியாகச் சாப்பிடவைத்துவிட்டு, மற்றவர்கள் இரண்டு மூன்று பேராக மீன் கடைக்கு வரலாம். எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தில் பட்டினி கிடப்பது பெரும்பாலும் அந்தப் பெரியவர்கள்தான்.

ஒவ்வாமை வேறு விஷயம். அதைச் சொல்லாமல் விடவே கூடாது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களும் கணவாய், சிப்பி ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. ஒவ்வாமை இருந்தால் ஆர்டர் கொடுக்கும் முன்பே சர்வரிடம் சொல்லும்படி மாசசூசெட்ஸ் உணவகங்களின் பட்டியலில் ஒரு வரி அச்சிட்டிருக்கும். சட்டப்படி இருக்க வேண்டிய வரி அது. கூச்சம் பாராமல் சொல்லுங்கள்.

காபியும் இனிப்பும் ஏன் இல்லை என்ற கேள்விக்குத் தெருவே பதில். மீன் கடையில் மீன் மட்டும். இனிப்புக்கு 257இல் 1930இலிருந்து மாடர்ன் பேஸ்ட்ரி இருக்கிறது. 300இல் 1946இலிருந்து மைக்ஸ் பேஸ்ட்ரி. பொரித்த மாவுக் குழலுக்குள் ரிக்கோட்டா நிரப்பிய கனோலியை அங்கே வாங்கலாம். காபிக்கு 1929இலிருந்து கஃபே விட்டோரியா. ஒவ்வொரு கடையும் தன் கைவேலையை மட்டும் செய்து மற்றதை அடுத்த கடைக்கு விட்டுவிடுகிறது. ஜாக்கோமோஸிலும் இனிப்புக்கு இடமில்லை. ஆகவே ஒரே மேசையில் மூன்று மணி நேரம் என்று திட்டமிடாதீர்கள். ஒரு மணி நேரம் மீன், பிறகு நடை, பிறகு கனோலி, பிறகு காபி. மாலைப் பொழுது தெருவோடு சேர்ந்து நகரும். மேசையும் அடுத்தவருக்குக் கிடைக்கும்.

பணப் பேச்சைப் பேசிவிடுவோம். நெடுங்காலமாக இந்த இரண்டு கடைகளிலும் ரொக்கம்தான் வழக்கமாக இருந்தது. ஆகவே கையில் ரொக்கம் வைத்துக்கொள்வது நல்லது. வாசலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். பாஸ்டனில் சாப்பாட்டு வரி 7 சதவீதம்: மாநிலத்துக்கு 6.25, நகரத்துக்கு 0.75. அதற்கு மேல் டிப்ஸ். 60 டாலருக்குச் சாப்பிட்டால் வரி 4.20, 20 சதவீத டிப்ஸ் 12 டாலர், ஆக மொத்தம் 76.20.

இந்தப் பன்னிரண்டு டாலரில்தான் நம் பெற்றோர்களுக்கு நெஞ்சு அடைக்கிறது. ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, இலை போட்டுப் பரிமாறியவருக்கு ஐம்பது ரூபாய் கொடுத்த நினைவில், இதில் பாதி வைத்தால் போதாதா என்கிறார்கள். போதாது. மாசசூசெட்ஸில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 15 டாலர். டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சம் 6.75 டாலர்தான், 2023 நிலவரப்படி. டிப்ஸ் சேர்ந்தும் 15 எட்டாவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சர்வரின் வருமானத்தில் பெரும்பகுதி மேசையிலிருந்தே வருகிறது. இந்த வேறுபாட்டைப் படிப்படியாக ஒழித்து முழு ஊதியத்தையும் முதலாளியே தரவேண்டும் என்ற யோசனை 2024 நவம்பரில் மாநில வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. அந்த முறை சரியா தவறா என்று ஊருக்குத் திரும்பிப் பேசிக்கொள்ளலாம். அன்றிரவு வாணலி தூக்கியவரின் கூலியில் அந்த வாதத்தை நடத்தக் கூடாது. இருபதே இருக்கைக் கடையில் ஒரு சர்வருக்கு ஒரு மாலையில் கிடைக்கும் மேசைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைக்கு வெளியேயும் இட நெருக்கடி உண்டு. நார்த் எண்ட் அரை சதுர மைலுக்கும் குறைந்த பேட்டை. 1950களில் கட்டப்பட்ட உயர்மட்ட நெடுஞ்சாலை நகர மையத்திலிருந்து இதைத் துண்டித்திருந்தது. பிக் டிக் என்ற பெருந்திட்டத்தில் அந்தச் சாலை பூமிக்கடியில் போனது. மேலே 2008இல் பூங்கா திறந்தது. அதன் பிறகு மக்கள் நடந்தே வரத் தொடங்கினார்கள். தெருவுக்கு வருமானம் கூடியது, வீட்டு வாடகையும் கூடியது. சிசிலியிலிருந்தும் நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் புறநகருக்குப் போய்விட்டார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், உணவகங்கள் தெருவிலேயே மேசை போட நகரம் அனுமதித்தது. இருபது இருக்கைக் கடைக்கு அது பெரிய வரம். மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்குக் குப்பை, சத்தம், வண்டி நிறுத்த இடமின்மை. 2022இல் நார்த் எண்ட் கடைகளுக்கு மட்டும் 7,500 டாலர் கட்டணம் விதித்தார் மேயர் மிஷெல் வூ. 2023இல் அந்தப் பேட்டையில் மட்டும் சாலையோர மேசைகளை நகரம் நிறுத்தியே விட்டது. கடைக்காரர்கள் சிலர் வழக்குக்குப் போனார்கள். இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. பாரம் மட்டும் சின்னக் கடைமேல் அதிகம் விழுந்தது என்று சொல்வதில் தப்பில்லை. பெரிய கடை உள்ளே நூறு பேரை வைத்துச் சமாளித்துக்கொள்ளும்.

வரிசையில் நிற்பவர் இந்தச் சண்டையில் தானும் ஒரு தரப்பு என்பதை உணர வேண்டும். நடைபாதை குறுகலானது. பக்கத்து வீட்டுக் கதவை மறித்து நிற்பதும், குழந்தை வண்டியைக் குறுக்கே நிறுத்துவதும், இரவு ஒன்பதரைக்கு உரத்த குரலில் ஊர்க் கதை பேசுவதும் மேல்மாடிக்காரரின் புகாராக மாறி, கடைசியில் கடைக்காரர் தலையில் விடியும். காரில் வராதீர்கள். தெருவில் பெரும்பாலான இடம் உள்ளூர்வாசிகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஹேமார்க்கெட் ரயில் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. வெள்ளி, சனிக்கிழமையானால் வழியிலேயே பழைய காய்கறிச் சந்தை. மீன் கடைகளும் உண்டு, விலை குறைவு. தெரிந்த கையாக இருந்தால் அங்கேயே கணவாய் வாங்கி வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

எந்த நாளில் வரலாம் என்றால், வாரநாளில் முன்மாலை. சனிக்கிழமை ஏழு மணிக்குப் பத்துப் பேராக வந்து நிற்பதைவிட, செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு மூன்று பேராக வாருங்கள். பத்துப் பேராகத்தான் வர முடியும் என்றால், அந்தத் தெருவிலேயே விசாலமான, முன்பதிவு ஏற்கும் நல்ல உணவகங்கள் இருக்கின்றன. அங்கே போவதில் குறை ஒன்றுமில்லை.

ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு இன்னொன்று. சிசிலியின் தென்மேற்குக் கரையில் ஷாக்கா என்று ஒரு மீன்பிடி ஊர். அங்கிருந்து குடியேறிய மீனவர்கள் 1910இலிருந்து இங்கே தங்கள் மாதாவுக்கு விழா எடுக்கிறார்கள். மீன்பிடி நீரை ஆசீர்வதிக்கிறார்கள். மாதா சிலையைத் தெருத் தெருவாகத் தூக்கி வருகிறார்கள். கடைசி இரவு தேவதை வேடமிட்ட ஒரு சிறுமியைக் கயிற்றில் கட்டித் தெருவுக்கு மேலே மிதக்கவிடுகிறார்கள். வேளாங்கண்ணிக் கொடியேற்றமும் அதே ஆகஸ்டில்தான், மாதக் கடைசியில். தேர்ப் பவனியைப் பார்த்துப் பழகிய நாகப்பட்டினக்காரர்களும் தூத்துக்குடிக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் வழிகாட்டி இல்லாமலே எங்கே நிற்க வேண்டும் என்று கண்டுகொள்வார்கள். அந்த நாட்களில் மீன் கடை வரிசை வழக்கத்தைவிட நீளும். பகலிலேயே சாப்பிட்டுவிட்டு விழாவுக்கு நில்லுங்கள்.

அப்பா அம்மாவை அழைத்து வரும்போது அடுப்பு தெரியும் பக்கமாக உட்காரவையுங்கள். மீன் வாங்கிச் சமைத்துப் பழகியவர்களுக்குப் பட்டியலை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும். கணவாய் எண்ணெயில் விழும் சத்தத்திலேயே அவர்களுக்கு வெந்த பதம் தெரியும். வறுவலை முதலில் கேளுங்கள், கறுப்புப் பாஸ்தாவை அடுத்ததாக. வாணலி காலியானதும் ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவது இத்தாலியர் வீட்டு வழக்கமே, தயங்க வேண்டாம். பிறகு பில்லைக் கேட்டு, டிப்ஸை வைத்துவிட்டு, வாசலில் நிற்பவர்களிடம் மேசை காலி என்று சைகை காட்டிவிட்டு, 257க்கோ 300க்கோ நடங்கள்.

அன்புடன்,
அந்தத் தெருவின் நலம் நாடும் ஒரு தமிழ் வாசகர்